அப்பாவுக்கு அனுப்பும் கேன் தண்ணீர்

கேள்வி: திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். வயது 51. பூர்வீகம் நொய்யல் கரையில், ஓரத்துப்பாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம். வெள்ளாமையை நம்பிப் பிழைக்க முடியாது என்று சின்ன வயதிலேயே பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவன். இன்று என்னிடம் 60 பேர் வேலை செய்கிறார்கள். கோவையில் இன்ஜினீயரிங் படிக்கும் ஒரே மகள் தீபாவளி லீவுக்கு வந்திருந்தபோது, மழை ராத்திரியில் பட்டறையில் நடந்த ஒரு விஷயத்தைப் பார்த்துவிட்டாள். மழைக்காலத்தில் அங்கொருவர் இங்கொருவர் செய்வதுதான். பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கட்டும் பணம் கட்டுப்படியாகாத மாதங்களும் உண்டு. அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை. “இந்தக் காசுல எனக்கு ஃபீஸ் கட்ட வேண்டாம்” என்று அம்மாவிடம் சொல்லி அனுப்புகிறாள். நான் குடும்பத்தைக் கைவிட்டவன் இல்லை. அப்பா டவுனுக்கு வர மாட்டேன் என்று தோட்டத்திலேயே இருக்கிறார். அவருக்கு வாரம் தவறாமல் நான்கு கேன் தண்ணீர் அனுப்புகிறேன். எல்லா நாடும் முதலில் சம்பாதித்துவிட்டுத்தான் ஆற்றைச் சுத்தம் செய்தது. ஊர் வளர்ந்தால் எல்லாம் தானாகச் சரியாகும் என்பதை என் மகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறோம். வந்தது நாலு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் மகளின் பிடிவாதத்தைப் பற்றி. நான் கேன் தண்ணீர் இருக்கும் வரியிலேயே நின்றுவிட்டேன்.

வாரம் நாலு கேன். நல்ல மகன் என்பதற்குச் சான்றாக எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்தில் கிணறு இருக்கும். நொய்யல் கரைத் தோட்டத்தில் கிணறு இல்லாமல் இருக்காது. உங்கள் தாத்தாவோ அவருடைய அப்பாவோ வெட்டியதாக இருக்கும். கிணற்றடியில் குடியிருக்கும் மனிதருக்கு டவுனிலிருந்து வேனில் ஏற்றித் தண்ணீர் ஏன் போகிறது? நாலு பக்கம் எழுதியவர் அதற்கு மட்டும் அரை வரிகூட எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை, பாருங்கள். அதுதான் என்னை உறுத்துகிறது.

உங்களுக்குத் தெரிந்த கதையையே நான் சொல்கிறேன், மற்ற வாசகர்களுக்காக. ஓரத்துப்பாளையம் அணையை 1992-இல் கட்டி முடித்தபோது உங்களுக்கு இருபது வயதுக்குள்தான் இருக்கும். பாசனத்துக்காகக் கட்டிய அணை. ஈரோடு, கரூர் பக்கத்து மானாவாரிக் காடுகளுக்கு ஆற்றுத் தண்ணீர் பாயப்போகிறது என்று பேச்சு. சில வருடங்களிலேயே அதில் தேங்கியது மேலே திருப்பூரிலிருந்து வந்த சாயக்கழிவு. அணையைத் திறந்து விடு என்று விவசாயிகள் போராடித்தான் கேள்விப்பட்டிருப்போம். அணையில் தேக்காதே, எங்கள் பக்கம் திறக்காதே என்று ஆயக்கட்டு விவசாயிகளே போராடியது இங்கேதான். தேங்கியது மண்ணுக்குள் இறங்கியது, சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குப் போனது. வெள்ளாமையை நம்பிப் பிழைக்க முடியாது என்று நீங்கள் வந்தீர்கள். சரி. ஆனால் ஏன் பிழைக்க முடியாமல் போனது என்பதில் ஒரு பங்கு நீங்கள் வேலை தேடி வந்த ஊரிலிருந்தே ஓடி வந்ததுதான். அந்த ஊரில் நீங்கள் இப்போது முதலாளி.

உப்பைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க முடியாது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் தொட்டியில் கிலோ கிலோவாக உப்பைக் கொட்ட வேண்டும். சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளிவிடுவதுதான் உப்பின் வேலை. வேலை முடிந்ததும் அது துணியில் தங்காது, அத்தனையும் தண்ணீரோடு வெளியே வரும். ஆரம்பத்தில் கட்டிய சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டார்கள். நிறம் போனது, உப்பு அப்படியே இருந்தது. ஆறு சிவப்பாக ஓடினால் பேப்பரில் போட்டோ வரும். கண்ணாடி மாதிரி ஓடும் உப்புத் தண்ணீரை யார் போட்டோ எடுப்பார்கள்? அதனால்தான் ஆர்.ஓ., அதற்குப் பிறகு ஆவியாக்கி, கடைசியில் உப்பைத் தனியே எடுத்து, அதே உப்புக் கரைசலை மறுபடி சாயத் தொட்டிக்கே திருப்புவது, சொட்டுக்கூட வெளியே விடாமல் இருப்பது என்று ஆனது. செலவுதான், மறுக்கவில்லை. கரண்ட்டும் விறகும் தின்னும் வேலை. அந்தச் செலவை, ஒரு மழை ராத்திரியில் கழிவை ஆற்றில் திறந்துவிட்டு மிச்சம் பிடிக்கிறீர்கள். ‘நடந்த ஒரு விஷயம்’ என்று எழுதியிருக்கிறீர்கள், மழை தானாக வந்து வால்வைத் திறந்துவிட்டது போல.

இனி அந்த ‘முதலில் சம்பாதிப்போம், பிறகு சுத்தம் செய்வோம்’ கதை. இந்தப் பகுதியை நான் எழுத ஆரம்பித்த நாளிலிருந்து வந்துகொண்டே இருக்கும் கதை. ஒரு வருடம் தோல் தொழிலிலிருந்து வரும், ஒரு வருடம் கல்குவாரியிலிருந்து வரும், மணல் லாரிக்காரர்கூட எழுதியிருக்கிறார். பொருளாதாரத்தில் இதற்குக் கவுரவமான பெயரே உண்டு, குஸ்நெட்ஸ் வளைகோடு. வருமானம் ஏற ஏற முதலில் மாசு கூடும், ஒரு கட்டத்துக்கு மேல் குறையும். கோட்டைப் போட்டால் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி இருக்கும். சைமன் குஸ்நெட்ஸ் 1955-இல் எழுதியது வருமான ஏற்றத்தாழ்வைப் பற்றி. சுற்றுச்சூழலுக்கு அதைப் பொருத்திப் பார்த்தது 90-களில். ஜீன் கிராஸ்மன், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பல நாடுகளின் காற்றையும் ஆறுகளையும் அளந்த கணக்குகளை வைத்து இந்த வளைவைக் காட்டினார்கள். அவர்களே 1995 கட்டுரையில் இன்னொன்றும் எழுதினார்கள்: இது தானாக நடக்கும் என்று நம்பக் காரணமில்லை, வசதி வந்த மக்கள் கேட்கிறார்கள், அதனால் சட்டம் கடுமையாகிறது, அதனால் மாசு குறைகிறது. வளைவைப் பிடித்துக்கொண்டவர்கள் இந்தப் பகுதியை வசதியாக விட்டுவிட்டார்கள். போகட்டும், கரியமில வாயு, குப்பை இவற்றுக்கெல்லாம் அந்த வளைவு சரியாகப் பொருந்துவதும் இல்லை. புகைக்கூண்டை நிறுத்தினால் காற்று சில நாளில் தெளியும். நிலத்தடிக்கு இறங்கிய உப்பு அப்படிப் போய்விடுமா?

லண்டனைச் சொல்வீர்கள். சொல்லுங்கள். 1952 டிசம்பரில் ஐந்து நாள் நிலக்கரிப் புகைமூட்டம், ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். காற்றுச் சுத்தச் சட்டம் 1956-இல் வந்தது. அந்த ஊர் பணக்கார ஊராகி அதற்குள் நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே, தம்பி! பணமே சுத்தம் செய்யுமென்றால் அந்த நூறு வருடம் அது என்ன செய்துகொண்டிருந்தது?

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? உங்கள் ஊர் ஏற்றுமதி வருடா வருடம் ஏறியது, டாலர் சிட்டி என்று பெயர் வந்தது, நொய்யல் ஒரு வருடமாவது தெளிந்ததா? தெளியவைக்கப் பார்த்தது கீழ்ப்பக்கத்து விவசாயிகள் போட்ட வழக்கு. பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இலேயே சொல்லியிருந்தது. நொய்யல் ஆயக்கட்டுக்காரர்கள் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று நடந்தார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. சொட்டுக் கழிவும் வெளியேறாது என்று காட்டிவிட்டுத் திறக்கச் சொன்னது. அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி கொடுத்த பிறகுதான் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாகச் சரியாயின. அந்த மாதங்களில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனது யார்? முதலாளிகளா? உங்களிடம் வேலை பார்க்கும் 60 பேரைக் காட்டி என்னை மடக்கப் பார்க்கிறீர்கள். அவர்கள் பிழைப்புக்கு அன்றும் இன்றும் பெரிய ஆபத்து, ராத்திரி வால்வு திறக்கும் பட்டறைகள்தான். அடுத்த பூட்டு வந்தால் வாடகை வீட்டில் உட்கார்ந்து கடன் வாங்கப்போவது அவர்கள்.

‘ஊர் வளர்ந்தால்’ என்கிறீர்களே, எந்த ஊர்? திருப்பூரில் வருமானம், ஓரத்துப்பாளையத்தில் உப்பு. இரண்டையும் கூட்டி வகுத்து ‘இந்த வட்டாரம் வளர்ந்திருக்கிறது’ என்று கணக்கெழுதலாம், தப்பில்லாத கணக்குத்தான். சாயம் போட்டதில் வந்த வருமானம் அதில் ஏறும். உங்கள் அப்பாவுக்குப் போகும் கேன், அதை ஏற்றிச் செல்லும் வேன், கேன் கம்பெனியின் ஆர்.ஓ. மெஷின், அதுவும் ஏறும், உற்பத்தி என்று. கெட்டுப்போன கிணற்றுக்கு மட்டும் அதில் பத்தியே கிடையாது. அதாவது, அப்பாவின் கிணறு கெட்டதால் வட்டாரம் கொஞ்சம் கூடுதலாகவே வளர்ந்திருக்கிறது!

நான் பழைய காலத்து மனுஷி. பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது கடமை என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது. ஆனால் பார்த்துக்கொள்வதாக நீங்கள் சொல்வது என்ன? அவரிடம் இருந்ததை எடுத்துவிட்டு, பதிலுக்கு இருபது லிட்டர் இருபது லிட்டராக அளந்து கொடுக்கிறீர்கள். அதுவும் அவருக்கு மட்டும். உங்கள் தோட்டத்தை ஒட்டிய தோட்டத்தில் ஒரு பெரியவர் இருப்பார். அவர் மகன் பட்டறை முதலாளி ஆகவில்லை. அவருக்கு யார் கேன் அனுப்புகிறார்கள்? வேன் வந்து இறக்கும்போது உங்கள் அப்பா அவர் முகத்தை எப்படிப் பார்க்கிறார் என்று யோசித்ததுண்டா? டவுனுக்கு வர மாட்டேன் என்று அடம் பிடிப்பதாக எழுதுகிறீர்கள். அந்த மனிதர் அங்கே இருக்கும்வரைதான் அந்தத் தண்ணீருக்கு உங்கள் குடும்பத்தில் ஒரு சாட்சி. வந்துவிட்டால் உங்களுக்குக் கேன் செலவும் மிச்சம்.

மகளையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன், இதை அவள் படிக்காமல் இருக்க மாட்டாள். பெற்ற அப்பனிடம் பேசாமல் இருப்பதைப் போராட்டம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன், கண்ணு. ஃபீஸ் வேண்டாம் என்று அம்மாவை நடுவில் நிற்கவைத்துச் சொல்வதும் சரியில்லை. சண்டை போடு, எதிரே உட்கார்ந்து போடு. நீ படிக்கிற படிப்புக்கு அந்தப் பட்டறையில் உனக்கு வேலை இருக்கிறது. ஒரு மாதத்துக்குச் சாயத் தண்ணீர் எவ்வளவு உள்ளே போகிறது, சுத்திகரிப்பு நிலையத்துக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று இரண்டு மீட்டரையும் எழுதி வை. வித்தியாசம் எங்கே போனது என்று அப்பாவைக் கேள்.

தம்பி, அவளுக்குப் புரியவைக்க என்னிடம் வாசகம் கேட்டீர்கள். தர மாட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. வால்வுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அவள் கையில் கொடுங்கள். சுத்திகரிப்புப் பணம் கட்டுப்படியாகாத மாதத்தில் ஆர்டரைக் குறையுங்கள், அல்லது அந்தச் செலவையும் சேர்த்து விலை சொல்லுங்கள். அந்த விலைக்குக் கம்பெனிக்காரர் தரவில்லை என்றால், அந்த வேலையில் உங்களுக்கு லாபமே இல்லை, இத்தனை நாள் கீழ்ப்பக்கத்துக்காரர் கையைக் கடித்து ஓட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று. பட்டறையில் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு பார்க்கும் மீட்டர் வைத்திருப்பீர்கள், பேனா மாதிரி. ஆர்.ஓ. தண்ணீரில் தினம் முக்கிப் பார்ப்பீர்கள். அதை ஒரு நாளாவது அப்பாவின் கிணற்றுத் தண்ணீரில் முக்கிப் பார்த்திருக்கிறீர்களா? குடிக்கிற தண்ணீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை வேனை அனுப்பாதீர்கள், நீங்களே கேனைத் தூக்கிக்கொண்டு போங்கள். எட்டாகக் கொண்டுபோங்கள், பக்கத்துத் தோட்டத்துக்கும் சேர்த்து. மகளையும் கூட்டிப் போங்கள். அவளுடைய அப்பாரு, அதாவது உங்கள் அப்பா, ஒரு வாளி இறைத்து வைப்பார். மீட்டரை அவள் பிடிக்கட்டும், நீங்கள் எண்ணைச் சத்தமாகப் படியுங்கள்.