சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு: கேட்டவர்களுக்குப் பதில்

காவேரிப்பட்டணம்: ஐயா, விசாவுக்கு நாங்களே விண்ணப்பிக்கலாமா?

அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் போவதுதான் சுலபம். அது போக, அங்கு இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம். பணம் கேட்டால் அது அரசாங்கத்தின் தளம் அல்ல, மூடிவிடுங்கள்.

தருமபுரி: காலை 10 மணிக்குப் பெங்களூரிலிருந்து விமானம். வீட்டிலிருந்து எப்போது கிளம்புவது?

நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு. சிரிக்காதீர்கள். விமான நிலையம் தேவனஹள்ளியில், ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிறது. ஒருமுறை ஓசூரில் நிதானமாகக் காபி குடித்துவிட்டுப் போய், பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் சிக்கிக்கொண்டோம். பின் இருக்கையில் என் மனைவி வேண்டாத சாமி இல்லை.

பாலக்கோடு: அம்மாவுக்கு 72 வயது, மூட்டு வலி. அழைத்துப் போகலாமா?

தாராளமாக. டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் வைக்காதீர்கள். மதியம் அறைக்குத் திரும்பிப் படுக்கட்டும். இரவு விலங்குக்காட்சிசாலையில் டிராமில் உட்கார்ந்தபடியே சுற்றலாம். பயணம் கெடுவது பெரும்பாலும் பட்டியல் நீளமாவதால்தான்.

ஊத்தங்கரை: வீட்டில் அரைத்த பொடிகளைக் கொண்டுபோகலாமா?

குருமாப் பொடியில் கசகசா இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நமக்கு அது மசாலா, அங்கே போதைப்பொருள் தடுப்புத் துறையின் விவகாரம். மெல்லும் புகையிலையும் சூயிங்கமும் கூடாது. பெரியவர்களின் வெற்றிலைப் பையை நீங்களே ஒருமுறை உதறிப் பாருங்கள். சைவச் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சிராங்கூன் சாலையில் 1947 முதல் கோமள விலாஸ் இருக்கிறது.

அரூர்: பெரியவர்கள் கோவில் கேட்கிறார்கள்.

சைனாடவுனில் இருக்கிறது ஸ்ரீ மாரியம்மன் கோவில். 1827-இல் நாராயண பிள்ளை நிறுவியது. நம் ஊர்ப் பக்கம் பாரதக் கூத்து முடிந்து திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிப்போமே, அதே தீமிதி ஐப்பசியில் அங்கும் நடக்கிறது. சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து பக்தர்கள் சுமார் 4 கிலோமீட்டர் நடந்து வருவார்கள். தீபாவளியை ஒட்டிப் போகிறவர்கள் தேதி பார்த்துக்கொள்ளுங்கள். நடுப்பகலில் போய் நிற்காதீர்கள், நடை சாத்தியிருக்கும்.

தேன்கனிக்கோட்டை: காசு செலவில்லாமல் பார்க்க என்ன இருக்கிறது?

கார்டன்ஸ் பை தி பே பூங்காவில் ராட்சதச் செயற்கை மரங்களின் ஒளிக்காட்சி, இரவு 7.45க்கும் 8.45க்கும். முதல் காட்சிக்கு முன்பே போய்ப் புல்தரையில் மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள், கழுத்து வலிக்காது. அங்கே செடிகள் வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களுக்குத்தான் கட்டணம். தாவரவியல் பூங்காவும் இலவசம், ஆர்க்கிட் தோட்டம் மட்டும் தனி டிக்கெட். திரும்பும் நாளில் சாங்கி விமான நிலையத்தின் ஜுவல் கட்டடத்தில் 40 மீட்டர் அருவியைப் பார்த்துவிடுங்கள். ஒகேனக்கல்லோடு ஒப்பிட்டுக் குறை சொல்ல ஒரு மாமா கட்டாயம் இருப்பார்.

கிருஷ்ணகிரி: மெட்ரோ ரயிலில் நால்வருக்கும் ஒரே பயண கார்டு போதுமா?

போதாது. ஆளுக்கு ஒன்று வேண்டும். 0.9 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைக்கு மட்டும் டிக்கெட் இல்லை. ரயிலுக்குள் தின்றாலோ குடித்தாலோ அபராதம். முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம்.

மத்தூர்: மே மாதம் போனால் வெயில் அதிகமா?

அங்கே வருடம் முழுவதும் ஒரே புழுக்கம்தான். குடை எடுத்துக்கொள்ளுங்கள்; மழை சொல்லிக்கொண்டு வராது.