“பெரிசா ஒன்னுமில்ல” என்கிற வயிறு

அன்புள்ள அண்ணா,

வணக்கம். எனக்கு 54 வயது. சுங்கை சிப்புட்டில் ஒரு பள்ளிக் கேண்டீனில் சமைக்கிறேன். நாலு மாதமாக வயிறு ஒரு நிலையில் இல்லை. சாப்பிட்டதும் உப்புசம், புளித்த ஏப்பம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலையில் வயிறு இளகிப் போகிறது. பெரிசா ஒன்னுமில்ல, வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஓம வாட்டர் குடித்தால் அன்றைக்குச் சரியாகிவிடும். இந்த வருடத் தொடக்கத்திலிருந்து இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். மகள் கிளினிக்குக்குப் போகச் சொல்கிறாள். பெரிசா ஒன்னுமில்லாத விஷயத்துக்கு லீவு போட்டுக் காத்துக் கிடக்க வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

போங்கள். மகள் சொல்வதுதான் சரி.

நான் மருத்துவன் இல்லை. ஆனால் “பெரிசா ஒன்னுமில்ல” என்று நீங்கள் இரண்டு முறை எழுதியிருப்பதைப் படித்ததும் என் அம்மாவின் குரல் கேட்டது. அம்மா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்குப் போகும்போது வயிற்றில் கறுப்புக் கோப்பி மட்டும்தான் இருக்கும். பசியாற ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடும். வேலையை விட்ட பிறகு முட்டிவலி வந்தது. யாரோ சொன்ன கடையில் பேர் ஒட்டாத பிளாஸ்டிக் பையில் மாத்திரை வாங்கி, வெறும் வயிற்றில் விழுங்கிக்கொண்டிருந்தார். நெஞ்சுக்குக் கீழே எரிந்தால் பெருங்காயத்தைப் பொரித்து வெல்லத்துக்குள் வைத்து உருட்டி வாயில் போட்டுக்கொள்வார். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே, “ரெண்டு நாளா கறுப்பா தார் மாதிரி போவுது, முருங்கக்கீர தின்னேன்ல, அதான்” என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். மறுநாள் குழாயடியில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. உதடு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ஈப்போவுக்குக் கொண்டுபோய் நான்கு பை இரத்தம் ஏற்றிய பிறகுதான் கண்ணைத் திறந்து பேசினார். வலிமாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கி, உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது.

உங்களுக்கும் அப்படித்தான் என்று பயமுறுத்த இதை எழுதவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது அந்த மெட்ஃபார்மின்தான். உப்புசம், வயிறு இளக்கம், குமட்டல் எல்லாம் அந்த மருந்து பலருக்கும் தருகிற தொந்தரவுகள். சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டால் குறையும். மெதுவாகக் கரைகிற வகையும் இருக்கிறது, டாக்டர் அதற்கு மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வயிற்றைக் காப்பாற்றப் போய் சர்க்கரை ஏறிவிடும்.

அடுத்தது பால். கேண்டீனில் நிற்பவர்கள் ஒரு நாளில் எத்தனை தே தாரேக் (பால் சேர்த்து ஆற்றிய தேநீர்) குடிக்கிறோம் என்று எண்ணுவதே இல்லை. வயது ஏற ஏறப் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் திறன் நம்மில் நிறையப் பேருக்குக் குறைந்துவிடுகிறது. சுண்டிய பாலிலும் அது இருக்கிறது. இரண்டு வாரம் தே ஓ, அதாவது பால் இல்லாத தேநீர், குடித்துப் பாருங்கள். சர்க்கரை போடாமல்தான். மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். தயிராகும்போதே லாக்டோஸில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இரைப்பையில் வருடக்கணக்காகக் குடியிருந்து புண்ணை உண்டாக்கும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ஷலும் வாரனும் 1982-இல் அதை வளர்த்துக் காட்டினார்கள், 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்கள் கண்டுபிடிக்கும்வரை புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. நம் மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் இந்தக் கிருமி அதிகம். ஊதிப் பார்க்கிற சோதனையிலோ மலச் சோதனையிலோ தெரிந்துவிடும், மருந்துக்கும் போகும். ஓம வாட்டர் காற்றைத்தான் கலைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. அதைக் குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் குடிப்பவன்தான். ஆனால் நாலு மாதமாகத் தொடர்ந்து குடிக்க வேண்டியிருக்கிறது என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

அதனால் இன்றைக்கே ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுங்கள். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள், எந்த மாத்திரை, எப்போது உப்பியது, எப்போது இளகியது என்று எழுதுங்கள். வலிமாத்திரை விழுங்கினால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஒரு வாரம் எழுதினாலே டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் உடம்பு தானாக மெலிந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, கறுத்துப் போனாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்புகிற அளவுக்கு வயிறு போனாலோ அந்த வாரத்துக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போய்விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர், நாமோ முருங்கைக்கீரையோ இல்லை. 50 வயது தாண்டிவிட்டதால் பெருங்குடலுக்கான சோதனையைப் பற்றியும் கேளுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் பதிவுக்கு ஒரு ரிங்கிட்தான். நீங்கள் இழப்பது ஒரு நாள் சம்பளம். அது உங்களுக்குச் சின்னத் தொகை இல்லை என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

மாத்திரைகள் எல்லாவற்றையும் பையோடு எடுத்துப் போங்கள். மகளையும் டாக்டர் அறைக்குள்ளேயே கூட்டிப் போங்கள். நீங்கள் தனியாகப் போனால், “எப்படிம்மா இருக்கு?” என்று அவர் கேட்டதும் “பெரிசா ஒன்னுமில்ல டாக்டர்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவீர்கள்.

அன்புடன்,
அண்ணன்