தம்பிக்கு ஊசிப்போன குழம்பின் வாசனை தெரியவில்லை: மனச்சிதைவுக்கும் மூக்குக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது, மூன்று வருடமாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை எடுக்கிறான். ஊசிப்போன குழம்பைத் தெரியாமல் சாப்பிட்டுவிடுகிறான், வியர்வை நாற்றத்தோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் சோம்பேறி என்று திட்டுகிறார்கள். இந்த நோயில் மோப்பம் குறையும், அதற்கு டெஸ்ட்கூட இருக்கிறது என்கிறார்களே, என் 15 வயது மகனுக்கும் எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: மகனுக்கு வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் தம்பி விஷயம்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். நியூயார்க்கைச் சேர்ந்த மனநல ஆய்வாளர் டோலோரஸ் மலஸ்பினா இதில் நிறைய வேலை செய்தவர். வாசனையை இனங்காண்பதில் அதிகம் திணறும் நோயாளிகளுக்கு மனிதர்களோடு பழகும் நாட்டமும் குறைவாக இருப்பதை 2003-இல் வெளிவந்த ஆய்வில் காட்டினார். மற்ற புலன்களின் செய்தி மூளையில் தலாமஸ் என்ற சந்திப்பைத் தாண்டித்தான் மேலே போகும். மோப்பம் மட்டும் அந்தச் சுற்று இல்லாமல், உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் பகுதிகளுக்கு நேராகவே போய்விடுகிறது, இந்த நோயில் தடுமாறுவதும் பெரும்பாலும் அதே பகுதிகள்தான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டுரெட்ஸ்கி குழுவினர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, நோயாளிகளின் முகர்வுக் குமிழ் (மூக்கிலிருந்து வரும் வாசனைச் செய்தியை முதலில் வாங்கும் மூளைப் பகுதி) மற்றவர்களுடையதைவிட 23 சதவீதம் சிறியதாக இருந்தது.

பலருக்கு வாசனை அடியோடு போய்விடுவதில்லை. ஏதோ வாடை வருகிறது என்று தெரியும், அது என்ன வாடை, நல்லதா கெட்டதா என்று பிரித்துச் சொல்வதில்தான் சிக்கல். ஆகவே குழம்பு விஷயத்தில் அவரைத் திட்டிப் பயனில்லை. குளிக்காததற்கு மூக்கு மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், எதிலும் மனம் ஒட்டாமல் போவது இந்த நோயின் ஒரு பக்கம், அதுதான் பெரிய காரணமாக இருக்கும், ஆனால் அதுவும் சோம்பேறித்தனம் இல்லை.

வியர்வை என்றதும் ஒரு பழைய கதை. 1960-களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கேத்லீன் ஸ்மித் என்ற மருத்துவர், இந்த நோயாளிகளின் வியர்வைக்குத் தனி வாசனை உண்டு என்று சொல்லி, 1969-இல் அதற்குக் காரணமான அமிலத்தையும் அடையாளம் காட்டினார். சில வருடத்திலேயே அது எல்லோர் வியர்வையிலும் இருப்பது தெரிந்துவிட்டது, சாதாரண அக்குள் நாற்றம்தான்! உங்கள் தம்பியிடம் வருவதும் குளிக்காதவர் வாடை, நோயின் வாடை இல்லை.

சரி, டெஸ்ட். 1984-இல் ரிச்சர்ட் டோட்டி என்ற அமெரிக்க ஆய்வாளர் உருவாக்கிய சோதனையில் 40 வாசனைகள், சுரண்டி முகர்ந்து நான்கு விடைகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதில் ரூட் பீர் என்ற அமெரிக்கக் குளிர்பானம், டில் ஊறுகாய் எல்லாம் உண்டு, நம் பையன்கள் அதை எங்கே முகர்ந்திருக்கிறார்கள்? அதைவிட முக்கியம், சளி, சைனஸ், கோவிட், புகைப்பழக்கம், வயதானவர்களுக்கு பார்கின்சன், அல்சைமர் என்று எதில் வேண்டுமானாலும் மோப்பம் குறையும். மெல்போர்னில் மனநோய் வரும் ஆபத்து அதிகம் என்று கருதப்பட்ட 81 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், பின்னால் மனச்சிதைவு வந்தவர்களுக்கு முன்பே இந்தக் குறை இருந்தது, ஆனால் பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒத்துப்போகவில்லை. தாய்மாமனுக்கு நோய் இருந்தாலும் நூற்றில் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வருவதில்லை. பையன் ஒதுங்கிப் போவது, தூக்கம் கெடுவது, காரணமில்லாமல் சந்தேகப்படுவது, திடீரென்று படிப்பு சரிவது, இவற்றைக் கவனியுங்கள், போதும்.

நீங்கள் கேட்காத ஒன்று. தம்பி எப்போதாவது இல்லாத நாற்றம் வருகிறது, சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று சொன்னால், அது மோப்பக் குறைவு இல்லை, வேறு விஷயம். வாதாடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். தீய்ந்த வாடை சில நொடி வந்து, கூடவே நினைவு தப்புவது போல இருந்தால் வலிப்பாகவும் இருக்கலாம், நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும். பீடி சிகரெட் பழக்கம், மூக்கடைப்பு இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். ஃப்ரிட்ஜில் வைக்கும் டப்பாவில் தேதி எழுதி ஒட்டுங்கள். குளிக்கவும் துணி மாற்றவும் ஒரு நேரம் குறித்து, அந்த நேரத்தில் சாதாரணமாக ஞாபகப்படுத்துங்கள், மூக்கைப் பொத்திக் காட்டாதீர்கள். அவர் தனியாக அடுப்படியில் நிற்பவர் என்றால் கேஸ் கசிந்தால் அலறும் கருவி ஒன்றை வாங்கி மாட்டிவிடுங்கள், சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, அதனால் தரையை ஒட்டி மாட்ட வேண்டும்.