வார்ஃபாரின் சாப்பிடும் என் அப்பாவுக்கு இரண்டு நாளாக மலம் கறுப்பாகப் போகிறது. சாப்பாட்டினால் இருக்குமா?

சாப்பாடு என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். இப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். நாங்கள் மூன்று நாள் காத்திருந்தோம், அதனால் சொல்கிறேன்.

எங்களுக்குக் காரைக்குடிப் பக்கம். அப்பச்சிக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், அம்மாவை ஆத்தா என்போம்) 71 வயது. இதயத் துடிப்பு சீராக இல்லாததால், உள்ளே ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய்விடக் கூடாது என்று வார்ஃபாரின் சாப்பிடுகிறார். ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்த மறுநாள், மலம் கறுப்பாகப் போவதாக ஆத்தாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அங்கே கறுப்பு நிறக் கவுனி அரிசி பரிமாறினார்கள். "கவுனியரிசி சாப்பிட்டா அப்படித்தான் போகும்" என்று ஆத்தா சொல்ல, எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. மூன்றாம் நாள் விடியற்காலையில் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) நடந்து வந்தவர், தூணைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து வேர்த்துக் கொட்டியது.

மதுரைக்குக் கொண்டுபோனோம். ஹீமோகுளோபின் 6.8தான், மிகவும் குறைவு. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு அவருக்கு 2 முதல் 3-க்குள் இருக்க வேண்டும், 4.6 இருந்தது. எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் இரைப்பையில் புண், அதிலிருந்து கசிவு. வார்ஃபாரின் வேலையைக் குறைக்க வைட்டமின் கே ஊசி போட்டு, ரத்தமும் ஏற்றினார்கள்.

வேறு என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று மருத்துவர் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. முட்டிவலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கி ஒரு வாரமாகப் போட்டிருக்கிறார். அந்த வலி மாத்திரை இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கும். வார்ஃபாரின் அந்தப் புண்ணில் ரத்தம் உறைய விடாது. இரண்டும் சேர்ந்ததுதான் வினை. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் சேர்ந்தாலும் இதே ஆபத்து உண்டு.

இரைப்பையில் கசியும் ரத்தம் குடல் வழியாக வருவதற்குள் கறுத்துவிடும், சிவப்பாகத் தெரியாது. தார் மாதிரி பிசுபிசுவென்று ஒட்டும், நாற்றமும் வழக்கத்துக்கு மாறாக இருக்கும். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுப்பாகலாம்தான். ஆனால் வார்ஃபாரின் சாப்பிடுகிறவர் விஷயத்தில் அதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. பெரியவர்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

அடுத்த வேளை வார்ஃபாரினைக் கொடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். அதே சமயம் "இனி இந்த மாத்திரையே வேண்டாம்" என்று நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. ஆத்தா அப்படித்தான் பிடிவாதம் பிடித்தார். நிறுத்தினால் பக்கவாதம் வரலாம் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். புண் ஆறியபின், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோலும் சேர்த்து, மறுபடி வார்ஃபாரினைத் தொடங்கினார்கள். இப்போது முட்டிவலிக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும்தான்.

கிளம்பும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும், கடைசி ஐ.என்.ஆர். சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டைப்பை, பயணப் பை எல்லாம் பாருங்கள். அப்பச்சியின் டைக்ளோஃபினாக் அட்டை, கல்யாணத்துக்குக் கொண்டுபோன பைக்குள்தான் இருந்தது.