செமிலிக்கு நேரமில்லை

அன்புள்ள ஐயா,

சமீபத்தில் பாரிஸில் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் மொரோவின் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். ‘ஜூபிடரும் செமிலியும்’ ஓவியத்தின் முன் நெடுநேரம் நின்றேன். பிறகு, அதற்காக அவர் தீட்டிப் பார்த்த சிறிய எண்ணெய் வண்ண முன்வரைவு ஒன்றைப் பார்த்தேன். முகம் தெளிவில்லை, விரல்கள் இல்லை, வெறும் வண்ணத் திட்டுகள். அரைகுறையாக விட்டதை எதற்காக மாட்டி வைக்க வேண்டும்?

ம.

அன்புள்ள ம.,

மொரோவே அப்படித்தான் விரும்பினார். 1897இல் எழுதிய உயிலில் வீட்டையும் அதிலிருந்த படைப்புகள் அனைத்தையும் சேர்த்து அரசுக்குக் கொடுத்தார், பிரிக்காமல் ஒன்றாக வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மறுவருடம் இறந்துபோனார். 1903இல் அந்த வீடு அருங்காட்சியகமாகத் திறந்தபோது அவருடைய மாணவர் ஜார்ஜ் ரூவோதான் முதல் காப்பாளர்.

சரி, முகம் ஏன் இல்லை? முகமும் விரலும் வேறு இடத்தில் நடந்த வேலை. மாடலை நிற்கவைத்துத் தாளில் பென்சிலால் வரைவார். மெழுகில் சிறு உருவங்கள் செய்தும் பார்த்திருக்கிறார். அந்த வீட்டில் புத்தகப் பக்கம்போலத் திருப்பிப் பார்க்கிற சட்டங்களில் ஆயிரக்கணக்கான கோட்டோவியங்கள் இருக்குமே, திருப்பிப் பார்த்தீர்களா? எண்ணெய் வண்ணத்தைக் கையில் எடுக்கும்போது வெளிச்சம் எங்கே விழ வேண்டும், எந்த நிறத்தின் பக்கத்தில் எது உட்கார வேண்டும் என்பதுதான் அவருக்குக் கவலை.

பெரிய கித்தானில் இந்த இரண்டு வேலைகளும் சேர வேண்டும். அவர் முடிக்காமல் விட்ட படங்களில் அது எப்படி நடந்தது என்று நன்றாகத் தெரியும். அடியில் நிறம் தன் போக்கில் பரவிக் கிடக்கும். மேலே நகையும் தூணும் கொடியுமாக மெல்லிய கோடுகள் தனியாக ஓடும். எனக்கு அந்தப் படங்களை விட்டு நகரவே மனம் வருவதில்லை.

இப்போது கதையை நினைத்துப் பாருங்கள். ஜூபிடர் ரோமானியர்களின் தலைமைக் கடவுள், செமிலி அவர் காதலித்த மானிடப் பெண். ஜூபிடரின் மனைவி ஜூனோவின் சூழ்ச்சியில் விழுந்த செமிலி, ‘உன் முழு மகிமையோடு எனக்குக் காட்சி கொடு’ என்று ஜூபிடரிடம் கேட்கிறாள். வாக்குக் கொடுத்துவிட்டதால் அவர் மறுக்க முடியவில்லை. மின்னலோடு வருகிறார், அவள் எரிந்துபோகிறாள். 1895இல் முடிந்த பெரிய ஓவியத்தில் ஜூபிடர் அரியணையில் நேராக நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், அவர் மடியில் செமிலியின் வெளிறிய உடல் பின்னால் சரிகிறது. சுற்றிலும் மணி, பூ, இறக்கை, குட்டி முகங்கள். ஒவ்வொன்றையும் நின்று நிதானமாகப் பார்க்கலாம், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் செமிலிக்கு அந்த நிதானம் கிடைக்கவில்லை. அந்த ஒரு நொடியில் அவள் நகைகளை எண்ணியிருக்க மாட்டாள், விரல்களைக் கவனித்திருக்க மாட்டாள். அவள் கண்ணில் பட்டது நீங்கள் சொன்ன அந்த வண்ணத் திட்டுகளாகத்தான் இருந்திருக்கும்.

அதனால் எனக்கு அந்தச் சின்ன முன்வரைவுதான் கதைக்கு நெருக்கமானது. திரும்பப் போக வாய்த்தால் அதை முதலில் பாருங்கள், அப்புறம் பெரிய படத்துக்கு வாருங்கள்.

அன்புடன்.