ஆலா கொத்தும் தீவுக்குக் குழந்தையைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் நியூகாசிலில் இருக்கிறோம். ஜூனில் ஏழு வயது மகனுடன் ஃபார்ன் தீவுகளுக்குப் படகில் போவதாகத் திட்டம். அங்கே பறவைகள் ரத்தம் வருமளவுக்குத் தலையில் கொத்துமாமே? குடை பிடித்தால் போதுமா?

பதில்: தாராளமாகக் கூட்டிப் போங்கள். குடை வேண்டாம், அந்தக் கடற்காற்றுக்குத் தாங்காது. கெட்டித் துணித் தொப்பி போதும். உள்ளே ஒரு கைக்குட்டையை மடித்து வைத்தால் இன்னும் நல்லது.

கொத்துவது ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவை. எடை சுமார் 100 கிராம்தான், ஆனால் அலகு ஊசி. ஃபார்ன் தீவுகளில் ஒன்றான இன்னர் ஃபார்னில் நடைபாதை ஓரத்திலேயே முட்டையிடும். கூடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, தரையில் சின்னக் குழி. மறைப்பே இல்லாத இடத்தில் பிள்ளை பெற்றால் சண்டை போட்டுத்தானே ஆகவேண்டும்? முதலில் தலைக்கு மேலே நின்று கிறீச்சிடும். அப்புறம் சர்ரென்று இறங்கி ஒரு கொத்து, சில சமயம் கூடவே எச்சம். நம்மில் எது உயரமாக இருக்கிறதோ அதைத்தான் குறிவைக்கும். அதனால் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் அடி கைக்குப் போய்விடும். பையனைத் தோளில் மட்டும் ஏற்றாதீர்கள், உங்கள் பங்கும் அவனுக்கே கிடைக்கும்!

பார்க்கக் கூட்டமே பாய்வது போலிருக்கும். மூர்க்கமாக அடிப்பது பெரும்பாலும் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ வைத்திருக்கும் ஜோடிகள்தான். நாலு எட்டு நடந்தால் அவை விட்டுவிடும், அடுத்த வீட்டுக்காரர் தொடங்குவார். கூட்டமாக வாழ்வதன் லாபமே இதுதான். 1960களில் ஹான்ஸ் க்ரூக் என்ற ஆய்வாளர், இங்கிலாந்தின் ரேவன்கிளாஸில் கருந்தலைக் கடற்காகங்கள் என்ற கடற்பறவைகள் குடியிருக்கும் இடத்தின் வெளியிலிருந்து உள்ளே வரை கோழிமுட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். திருட வந்த சாதாரணக் காகங்களுக்கு உள்ளே போகப் போகத் துரத்தல் அதிகம், கிடைத்த முட்டை குறைவு. ஆனால் அதே இடத்தில் இரவில் நரி வந்தால் இந்த வீரமெல்லாம் செல்லவில்லை. ஆலாக்கள் தீவாகப் பார்த்துக் குடியேறுவது சும்மா இல்லை.

என்னைக் கேட்டால், தலையைவிடக் காலடியைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். பெற்றோர் எச்சரிக்கைக் குரல் கொடுத்ததும் குஞ்சு அப்படியே தரையோடு படுத்துவிடும். பழுப்பில் கரும்புள்ளிகள், கூழாங்கல் என்றே நினைப்பீர்கள். சில குஞ்சுகள் பாதை நடுவிலேயே கிடக்கும். அதனால் கயிறு கட்டிய பாதையை விட்டு இறங்காதீர்கள், பையன் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடங்கள், ஆனால் நிற்காதீர்கள். நீங்கள் நின்று படமெடுக்கும் நேரமெல்லாம் தாய்ப்பறவை உங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். பெரிய கடற்காகத்துக்கு அந்த இடைவெளி போதும், குஞ்சைத் தூக்கிவிடும். படமெல்லாம் கூடுகளைத் தாண்டிய பிறகு.

தோல் கீறினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எச்சம் பட்ட கையோடு பையன் சாப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பறவைக் காய்ச்சல் அங்கே வந்துபோயிருக்கிறது. நல்ல சட்டை வேண்டாம்.