கோடையில் 100 டிகிரி தொடும் ஐ7-12700: லிக்விட் கூலர் வாங்கலாமா?

உங்கள் கேள்வி இது: இன்டெலின் ஐ7-12700 சிப் போட்ட கணினி, பெட்டியோடு வந்த கூலர், வேலூர் வெயிலில் வீடியோ ரெண்டர் போட்டால் 100 டிகிரி. சில நேரம் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. லிக்விட் கூலர் வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். சூடு ஒரு பிரச்சினை, ரீஸ்டார்ட் வேறு ஒரு பிரச்சினை என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்தச் சிப்புக்கு இன்டெல் வைத்திருக்கும் உச்ச வரம்பே 100 டிகிரி. அதைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ரெண்டர் இழுக்கும், ஆனால் கணினி பொதுவாக அணையாது. பெட்டியில் 65 வாட் என்று போட்டிருந்தாலும் டர்போவில், அதாவது முழு வேகத்தில் ஓடும்போது, 180 வாட் வரை போகலாம். அது கொஞ்ச நேரத்துக்குத்தான் என்பது இன்டெலின் கணக்கு. பல மதர்போர்டுகள் அந்த நேர வரம்பையே தூக்கிவிட்டு, ரெண்டர் முடியும்வரை முழு வாட்டில் ஓட விடுகின்றன. அந்தச் சின்னக் கூலர் பாவம், இதற்குச் செய்யப்பட்டதே இல்லை.

அதனால் முதல் வேலை பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையில். லாங் டியூரேஷன் பவர் லிமிட்டை (நீண்ட நேரத்துக்கான வாட் வரம்பு) 90 வாட்டாகவும், ஷார்ட் டியூரேஷனை (கொஞ்ச நேரத்துக்கானது) 120 ஆகவும் வையுங்கள். வாட் பாதியானால் வேகமும் பாதியாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காக வோல்டேஜை நிறைய ஏற்ற வேண்டியிருக்கிறது, மின்செலவு வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப எகிறுகிறது. அந்த நுனியை வெட்டினால் இழப்பது கொஞ்சம், குறையும் சூடு நிறைய. பைசா செலவில்லாத இந்த வழியை விட்டுவிட்டு எல்லோரும் கூலர் கடைக்கு ஓடுவதுதான் எனக்கு வருத்தம்.

அறையின் சூட்டையும் கணக்கில் எடுங்கள். எந்தக் கூலரும், லிக்விட் உட்பட, அறைக் காற்றில்தான் சூட்டைக் கொட்டுகிறது. டிசம்பரில் 28 டிகிரி அறையில் 85 காட்டிய சிப், மே மாதம் 38 டிகிரி அறையில் அதே வேலைக்குச் சுமார் 95 காட்டும். அது பழுது இல்லை. கேபினெட் மேசையின் மூடிய அறைக்குள் இருந்தால் மட்டும் வெளியே எடுத்து வையுங்கள்.

அப்புறம் கூலரைப் பாருங்கள். அதன் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று சரியாக இறங்காமல் இருந்தாலே ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, சிப்போடு ஒட்டாமல் நிற்கும். மதர்போர்டின் பின்பக்கம் நான்கும் வெளியே வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாட்டும்போது எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள். கழற்றினால் சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் இருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள், நடுவில் பட்டாணி அளவு போதும். தூசியை ஊதும்போது விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, ரீஸ்டார்ட். வெப்பநிலையைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) மென்பொருளை ஓடவிட்டு, ரீஸ்டார்ட் ஆகும் நேரத்தில் வெப்பநிலை எவ்வளவு என்று கவனியுங்கள். 80 டிகிரியிலேயே விழுந்தால் காரணம் சூடு இல்லை. நம் வீடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது யுபிஎஸ்ஸை. 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கிராஃபிக்ஸ் கார்டும் சிப்பும் சேர்ந்து இழுக்கும்போது மின்சாரம் ஒரு நொடி தடுமாறினாலும் கணினி விழுந்துவிடும். ஒருநாள் யுபிஎஸ் இல்லாமல் நேரடியாகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள். அப்படியும் விழுந்தால் பயாஸில் எக்ஸ்எம்பியை (XMP, ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைத்து, ரேமைச் சாதாரண வேகத்தில் ஓட்டுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பவர் சப்ளையை மாற்றிப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் முழு வேகம் வேண்டும் என்றால், 120 மிமீ விசிறி உள்ள ஒரு நல்ல டவர் ஏர் கூலர் வாங்குங்கள். லிக்விட் கூலரில் இருப்பதுபோல் பம்ப் கெட்டுப்போகும் கவலை இல்லை. பழைய கூலர் ஒன்று கையில் இருந்தால், உங்கள் சிப் உட்காரும் எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கான பிராக்கெட் கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகு மாட்டுங்கள். இந்தச் சாக்கெட்டில் துளைகளின் இடைவெளி 78 மிமீ, முந்தைய 1200-இல் 75 மிமீதான்.